உள்ளே போகும் ஆமாம்

"பேசுங்கள் அவளிடம், எதையாவது,"
என்று சொல்லிவிட்டுப் போனாள் நர்ஸ்.

எதையாவது என்றால் எதை?
பதினோரு வருஷம் மரலாரி ஓட்டியவன் நான்.
லிக்சேலேயிலிருந்து கடற்கரை ஆலை வரை
பைன் மரங்களை ஏற்றிப் போகும் வழியில்
வாய் திறப்பது காப்பிக்கும் கொட்டாவிக்கும்தான்.
எங்கள் ஊரில் பேச்சு உப்பு மாதிரி.
கை தவறினால் எல்லாம் கெட்டது.

விடுப்பு முடிந்து சன்னா ஆஸ்பத்திரி வேலைக்குத் திரும்பிய
திங்கட்கிழமை
சமையலறை மேசைக்கு இந்தப் பக்கம் நான்.
அந்தப் பக்கம், சாய்வு நாற்காலியில் வார் போட்டு,
மாய்கென். நான்கு மாதம். ஆறு கிலோ எண்ணூறு.
விசாரணை அறை போலிருந்தது.
யார் அதிகாரி என்பதில் சந்தேகமே இல்லை.

தொண்டையைச் செருமிக்கொண்டேன்.
"இது உருளைக்கிழங்கு."
பார்த்தாள்.
"தோலை இப்படிச் சீவ வேண்டும்."
பார்த்தாள்.
"வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்து மூன்று."
அதற்கு மட்டும் தும்மினாள்.
"அதேதான்," என்றேன்,
"நானும் அப்படித்தான் நினைத்தேன்."

பிறகு மடை திறந்துகொண்டது.
குளிரில் டீசல் உறைந்த கதை,
பனியில் பாதை மறித்து நின்ற காட்டுமான்,
தன் வாசல் பனியை எங்கள் வேலிக்குள் தள்ளிவிட்டு
ஒன்றும் தெரியாதவன்போல் கையாட்டும் ஓல்லேயின் அநியாயம்:
யாரிடமும் சொல்லாததையெல்லாம்
காலுறை உருவிய ஒரு குட்டிப் பாதத்திடம் சொன்னேன்.

அவள் எச்சிலில் ஒரு குமிழி ஊதினாள்.
நானும் ஊதினேன்.
என்னுடையது உடைந்து தாடியில் வழிந்தது.
அதற்கு வந்தது சிரிப்பு,
வயிற்றிலிருந்து விக்கிக்கொண்டு.

ங்கா, என்றாள்.
ங்கா, என்றேன்.
ங்ங்கா?
கொஞ்சம் யோசித்து, ங்கா.
சந்தைப் பேரம் போல இழுத்துக்கொண்டே போயிற்று.
எதை விற்றேன், என்ன விலைக்கு,
இன்றுவரை தெரியாது.

புதன்கிழமை எதுவும் எடுபடவில்லை.
குமிழி, கரண்டி, உருளைக்கிழங்கு, ஓல்லே,
எதற்கும் மசியாமல் ஒரே அழுகை.
தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன்,
சுவர் வந்தது, திரும்ப இடமில்லை,
பழக்கதோஷத்தில்
பின்னோக்கி நடந்தேன். பீப். பீப். பீப்.
அழுகை நின்றது.
அன்று மாலை சன்னா கதவைத் திறந்தபோது
கூடத்தில் ஒரு லாரி
நாற்பதாவது தடவையாக ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது.

ஒன்று சொல்ல வேண்டும்.
எங்கள் பக்கத்தில் ஆமாம் என்பதற்கு
வார்த்தையே வேண்டாம்.
உதட்டைக் குவித்து, சுடுகஞ்சியை உறிஞ்சுவதுபோல்
ஒரு வாய்க் காற்றை உள்ளே இழுத்தால் போதும்.
ஷ்ஷுப்.
தெற்கிலிருந்து வருகிறவர்கள்
நமக்கு மூச்சடைக்கிறதோ என்று பதறுவார்கள்.
"என்னோடு இருந்துவிடுகிறாயா?" என்று
ஒரு பெட்ரோல் பங்கில் கேட்டதற்கு
சன்னா சொன்ன பதிலும் அவ்வளவுதான்.
அந்தக் காற்றை அவள் இன்னும் வெளியே விடவில்லை
என்று நம்பிக்கொண்டிருக்கிறேன்.

இதை மாய்கெனுக்கு நான் சொல்லித்தரவில்லை.
ஏப்ரல் கடைசி, கூரைப் பனி சொட்டத் தொடங்கிய நாள்,
"இன்னொரு தடவை ரிவர்ஸ் போகலாமா?" என்றேன்.
என் கண்ணை விட்டு என் வாயைப் பார்த்தாள்.
உதடு குவிந்தது.
ஷுப்.

கதவருகே பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்த சன்னா
தலை நிமிரவில்லை.
"பசிக்கிறது அவளுக்கு. உறிஞ்சத் தெரியாத பிள்ளை
உலகத்தில் உண்டா, தூரே?"

இருக்கலாம்.
பிறந்த அன்றே எல்லோருக்கும் தெரிந்திருப்பது
அது ஒன்றுதானே.
நான் வாதாடவில்லை. பின்னோக்கி நடந்தேன்,
மேசை முனை இடுப்பில் இடித்தது.

"பசிதான்," என்றாள் மறுபடி.
ஷ்ஷுப், என்றேன்.
தோளருகில், ஈரமாக,
இன்னொன்று.